ஒப்பீட்டுக் குடுவை

ஏ-19-ஐ நிறுத்திவிடப் போகிறோம் என்று ஆய்வகத் தலைவர் ஹில்டா மேடம் சொன்னபோது மங்கையர்க்கரசி முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் பத்துப் பேருக்கு நடுவே உட்கார்ந்து, வடை சாப்பிட்ட கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த விரலையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவ்வளவுதான்.

"பத்து வருஷம் ஓடியிருக்கு. நம்ம ஆய்வகத்துலயே இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்ச செல் வரிசை இதுதான்," என்றார் ஹில்டா. "அதை வெச்சுக் கண்டுபிடிச்ச மாத்திரை கடைக்கே வந்தாச்சு. பிள்ளைங்க பிழைக்கிறாங்க. இனிமே அதுகிட்டக் கேக்குறதுக்கு நம்மகிட்டக் கேள்வி இல்ல. சந்தோஷமா மூடிரலாம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மங்கையும் தட்டினாள்.

கோயம்புத்தூரில் அவினாசி சாலையை ஒட்டி இருந்தது அந்த ஆராய்ச்சி நிலையம். மங்கை அங்கே செல் வளர்ப்பு அறையின் மூத்த டெக்னீஷியன். இன்குபேட்டரின் மேல்தட்டில், உடம்புச் சூட்டில், நான்கு குடுவைகளில் பெருகிப் பெருகி வளர்ந்துகொண்டிருந்தது ஏ-19 என்ற செல் கூட்டம். அதற்குத் தீனி போடுவது அவள் வேலை. தீனி என்பது இளஞ்சிவப்பாக இருக்கும் ஒரு திரவம், மீடியம் என்பார்கள். செல்கள் தின்னத் தின்ன அது ஆரஞ்சாகி, முழுக்கத் தீர்ந்தால் மஞ்சளாகிவிடும். மஞ்சள் என்றால் பசி. ஒன்பது வருஷத்தில் ஏ-19-இன் குடுவையை மங்கை ஒருநாள்கூட மஞ்சளாக விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள். காய்ச்சலோடு வருவாள். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு வந்து, செக்யூரிட்டிக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்துவிட்டு உள்ளே போவாள்.

அதே இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் வேறு ஒன்றும் இருந்தது. ஏ-19 ஒரு மருந்தோடு எப்படி ஒட்டுகிறது என்று சோதித்தால், கோளாறு இல்லாத ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது ஒப்பீட்டுக்கான வரிசை. எண் ஏதோ உண்டு, யாரும் சொல்வதில்லை. தோசைக்கடைப் பழக்கம் ஆய்வகம்வரை வந்து, 'சாதா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. எல்லாச் சோதனைக்கும் சாதா வேண்டும், எந்தச் சோதனையிலும் சாதாவை யாரும் பார்ப்பதில்லை. தட்டில் கடைசி வரிசையில் அதை ஊற்றுவார்கள். அளவு சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை, பிறகு முதலில் கொட்டுவது அதைத்தான். மங்கையும் அப்படித்தான். ஏ-19-க்கு நிதானமாகத் தீனி போட்டு முடித்த பிறகு, நேரம் இருந்தால் சாதா. நேரம் இல்லையென்றால் நாளைக்கு. மஞ்சளான பிறகும் ஒருநாள் தாங்கும், முரட்டு ஜென்மம் என்பாள்.

ஏ-19 தன் மகன் செழியனுடையது என்பது அந்தக் கட்டடத்தில் மங்கைக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடிக் குழந்தைகள் வார்டில் அவனுக்கு ஏழு வயது. முதுகுத்தண்டை ஒட்டி ஒரு கட்டி. அறுத்து எடுத்தால் மறுபடி வளர்ந்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆன பிறகு ஒருநாள் நர்ஸ் ஒரு மேசைக்குக் கூப்பிட்டார். கட்டியில் கொஞ்சம், ரத்தத்தில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு தாயும் நின்றாள். ஒரே பேனா. அந்தப் பெண்ணின் கையிலிருந்து காகிதம் நழுவியது. மங்கைதான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அன்று அக்டோபர் பதினொன்று. அந்த மாதக் கடைசியில் செழியன் போய்விட்டான்.

இரண்டு வருஷம் கழித்து, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பார்த்த வேலையை விட்டு, இந்த நிலையத்துக்கு மனுப் போட்டாள். அந்த ஆஸ்பத்திரி மாதிரிகள் இங்கேதான் வருகின்றன என்று கேள்விப்பட்டிருந்தாள். சேர்ந்த முதல் வாரத்திலேயே, நோயாளிகளின் பெயர் எழுதாத சிவப்புப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடித்தாள். ஏ-19. ஆண். வயது 7. மாதிரி வந்த நாள் அக்டோபர் 11. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. பதிவேட்டை மூடினாள். அலமாரியில் பக்கத்தில் ஒரு பச்சைப் பதிவேடும் இருந்தது. அது ஒப்பீட்டு வரிசைகளுக்கானது. அதைத் திறக்க அவளுக்குக் காரணமில்லை.

சொந்தக்காரர்களின் செல் வரிசையை ஊழியர்கள் கையாளக் கூடாது என்பது விதி. பாசம் வந்தால் கணக்குச் சாயும் என்று பயம். ஒவ்வொரு ஜனவரியிலும் நிரப்ப வேண்டிய படிவத்தில், 'அப்படி யாரும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று டிக் அடித்தாள். யோக்கியமான பெண்தான், மளிகைக்கடையில் மீதிச் சில்லறை ஒரு ரூபாய் அதிகம் வந்தால் திருப்பிக் கொடுப்பவள். இந்த ஒரு பொய்யை மட்டும் ஒன்பது தடவை சொன்னாள்.

இப்போது அதற்கு முடிவு வந்துவிட்டது. புதிதாக வந்திருந்த சட்டப்படி, ஒருவரின் மரபணுவிலிருந்து வளர்க்கிற செல் வரிசையை நிறுத்துவதற்கு முன்னால் அவருக்கு, அவர் உயிரோடு இல்லையென்றால் பெற்றவர்களுக்கு, நோட்டீஸ் போக வேண்டும். முப்பது நாள் அவகாசம். 'நிறுத்தாதீர்கள்' என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால், அவர்கள் இருக்கும்வரை நிலையம் அதை வளர்த்தே தீர வேண்டும். பெயர் விவரம் சென்னைத் தலைமை அலுவலகத்தில் மட்டும் இருந்தது. அங்கிருந்துதான் கடிதம் வரும்.

அன்று மாலை வீட்டில் அவள் கணவர் துரைசாமி கிரைண்டர் பட்டறையிலிருந்து வந்து கையில் இருந்த மசியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மங்கை அடுப்படி வாசலில் நின்றாள்.

"ஏ-19-ஐ நிறுத்தப் போறாங்களாமுங்க. நமக்குக் கடுதாசி வரும்."

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உட்றலாம் மங்கை. பதினொரு வருசம் ஆச்சு."

"நிறுத்தாதீங்கன்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"எழுதிக் குடுத்தீன்னா நீ யாருன்னு தெரிஞ்சு போயிருமல்லோ. வேலையும் போயிரும். அப்பறம் உன்ற கண்ணுல காட்ட மாட்டாங்க, கைல தொட உட மாட்டாங்க. எதுக்கு அது?"

"இருக்குமில்லீங்க. எங்கியோ ஒரு பொட்டிக்குள்ள சூடா இருக்கும். வேற யாராச்சும் தீனி போடுவாங்க."

துரைசாமி கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று கேட்டார்.

"அது என்னன்னு எனக்கு ஒருக்கா வெவரமாச் சொல்லு."

"ஒடம்பு 'வளரு'ன்னு சேதி அனுப்புமுங்க. அதைக் கேட்டு உள்ள சொல்றதுக்கு ஒவ்வொரு செல்லு மேலயும் காதாட்டம் ஒண்ணு இருக்கு. ஏற்பின்னு பேரு. கேட்டுட்டு, சேதியை விட்றணும். நம்ம பையனோட ஏற்பியில ஒரே ஒரு எடத்துல கோளாறு. சேதியைப் புடிச்சா விடவே விடாது. போதும்னு ஒடம்பு சொன்னாலும் வளரு வளருன்னு உள்ள சொல்லிட்டே இருக்கும். அதான் கட்டி. அந்த ஏற்பியைச் செய்யற ஜீனை எடுத்து வெள்ளெலியோட செல்லுக்குள்ள வெச்சிருக்கறாங்க. அந்தச் செல்லு அதையே செஞ்சு செஞ்சு வெளிய உடுது. நாங்க வடிச்செடுத்து, எந்த மருந்து அதை அடக்குதுன்னு பாக்கறோம்."

துரைசாமி துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அவனைக் கொன்னதைத்தான் இத்தனை நாளா வளத்தீட்டிருக்கறே."

இதை மங்கை யோசிக்காமல் இல்லை. யோசித்து, யோசித்து, எப்போதோ ஓர் ஓரமாக வைத்துவிட்ட விஷயம்.

"ஆமாங்க. ஆனா அவனோடதுன்னு உசிரா இருக்கறது அது ஒண்ணுதான?"

"போட்டோ இருக்குதல்ல."

"போட்டோ பசிக்குதுன்னு கேக்குமாங்க?"

அவர் எழுந்து போய் டிவியைப் போட்டார், சத்தத்தைக் குறைத்தார், பிறகு அணைத்துவிட்டார்.

மறுநாளே மங்கை நான்கு வரியில் ஆட்சேபக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இனி நோட்டீஸ் வர வேண்டியதுதான் பாக்கி. வரவில்லை. ஒரு வாரம் போனது. "ஏ-19 நோட்டீஸ் போயாச்சாம்" என்று ஹில்டா மேடம் யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது. அப்புறமும் வரவில்லை. சிங்காநல்லூரில் முன்பு குடியிருந்த வீட்டு விலாசத்துக்குப் போயிருக்குமோ என்று அங்கே போய்க் கேட்டாள். தபால் நிலையத்தில் கேட்டாள். "வந்தா நாங்க குடுக்காம தின்னுபோடுவமா அம்மணி?" என்று போஸ்ட்மாஸ்டர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது நாளில் இருபது நாள் கரைந்துவிட்டது. பதில் இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நோட்டீஸ் எண் இல்லாமல் ஆட்சேபத்தையும் வாங்க மாட்டார்கள். தன் பிள்ளையை இரண்டாம் தடவை பறிகொடுக்கப்போகிறோம், அதுவும் ஒரு தபால்காரர் கைத்தவறால், என்று அவளுக்கு ராத்தூக்கம் போயிற்று.

அந்த நாட்களில் ஏ-19-க்கு அவள் செய்த உபசாரத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். மீடியத்தைத் தேவைக்கு முன்பே மாற்றினாள். நுண்ணோக்கியில் குனிந்தால் நிமிர மாட்டாள். மூச்சுக்காற்றுப் படாத கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து, முகமூடிக்குள் உதடு அசையாமல், "செழியா, கடுதாசி வந்துரும் சாமி" என்று சொல்வாள். கீழ்த்தட்டுப் பக்கம் அவள் கண்ணே போகவில்லை.

இருபத்து மூன்றாம் நாள், புதன்கிழமை. காலை பதினொரு மணிக்கு ஹில்டா மேடம் வளர்ப்பு அறைக் கண்ணாடியைத் தட்டினார்.

"மங்கை, ஏ-19 குடும்பம் வந்திருக்காங்க. நோட்டீஸைக் கையில வெச்சுக்கிட்டு, முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாக்கணும்னு நிக்கிறாங்க. சட்டத்துல அதுக்கும் இடம் இருக்காம். உங்களைவிட அதைத் தெரிஞ்சவங்க யாரு? நீங்களே பேசிருங்க."

மங்கைக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. ஏ-19 குடும்பம் என்றால் நானும் அவரும்தானே? கடிதம் பட்டறைக்குப் போய், துரைசாமி தானே கிளம்பி வந்துவிட்டாரா? கையுறையைக் கழற்றிக்கொண்டே வரவேற்பறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்குள். தலைமுடியில் தறியிலிருந்து ஒட்டிய பஞ்சு அங்கங்கே தெரிந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் எட்டு வயதுப் பெண் குழந்தை, பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எழுந்து நின்று கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"அக்கா... நீங்க செழியன் அம்மாதானுங்க?"

மங்கை அவள் முகத்தையே பார்த்தாள். பேனா நினைவுக்கு வந்தது. நழுவிய காகிதம் நினைவுக்கு வந்தது. பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா. கோகிலா.

"ஆமா கண்ணு," என்றாள். "இங்கதான் வேலை பாக்கறேன்."

"பாருங்க்கா, இந்தக் கடுதாசி வந்துச்சு. எனக்குப் பாதிதான் புரிஞ்சுதுங்க." கோகிலா காகிதத்தை நீட்டினாள். செல் வரிசை எண் ஏ-19. வழங்கியவர் த. தர்னிஷ், காலஞ்சென்றவர். தாயார் கோகிலா, சோமனூர்.

மங்கை அதை முதலில் இருந்து படித்தாள். பிறகு மறுபடியும் படித்தாள். ஒரே நாள், ஒரே வார்டு, ஒரே வயது, ஒரே கட்டி. அன்றைக்கு அந்த மேசையில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த இரண்டாவது கையெழுத்து எங்கே போயிருக்கும் என்று ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் நினைத்துப் பார்க்கவில்லை. தன் பிள்ளையைத் தேடுகிற அவசரத்தில் அடுத்தவள் பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"வா கண்ணு, காட்டறேன்," என்றாள்.

வளர்ப்பு அறைக் கண்ணாடிக்கு வெளியே கோகிலாவும் குழந்தையும் நின்றார்கள். மங்கை உள்ளே போய், ஏ-19-இன் ஒரு குடுவையைக் கண்ணாடி ஓரமாகக் கொண்டுவந்து பிடித்தாள். இளஞ்சிவப்பு, நேற்றுப் போட்ட தீனி. கோகிலா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு மங்கை வெளியே வந்து, வீட்டில் சொன்னதையே மறுபடி சொன்னாள். காது, சேதி, விடாத பிடி, வெள்ளெலி.

"எலிக்குள்ளயா வெச்சாங்க எம்பட பையனை?"

"எலி இல்ல கண்ணு, எலியோட செல்லு. அதுவும் உம்பையன் இல்ல. அவனுக்கு வந்த கோளாறு, அது மட்டும்." இதைச் சொல்லும்போது துரைசாமியின் குரல்தான் அவள் காதில் கேட்டது.

"இதுக்குத் தீனி போடறது ஆருங்க்கா?"

"நான்தான்."

"எத்தனை வருசமா?"

"ஒம்பது."

கோகிலா சட்டென்று மங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எம்பையனுக்கு ஒம்பது வருசம் சோறு போட்டிருக்கறீங்க. பெத்தவ நான், எனக்கு அது தெரியவே தெரியாது. இதுக்கு நான் என்னங்க்கா பண்ணுவேன்?"

மங்கைக்கு அந்தக் கைகளை உருவிக்கொண்டு எங்காவது ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டு நின்றாள்.

"வெச்சுக்கலாம்னு சொன்னா வெச்சிருப்பாங்களா?" என்று கோகிலா கேட்டாள்.

"நீ இருக்கற வரைக்கும் வெச்சிருப்பாங்க."

"நீங்களா இருந்தா என்னங்க்கா பண்ணுவீங்க?"

கைப்பைக்குள் அந்த நாலு வரிக் கடிதம் இன்னும் இருந்தது. 'வைத்துக்கொள்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்தப் பெண் அப்படியே கையெழுத்துப் போடுவாள். குடுவை அதே தட்டில் இருக்கும், தீனி போடும் வேலையும் இருக்கும், ஒன்பது வருஷப் பழக்கம் அறுந்து போகாது. யாருடையது என்பதை மனசு எப்படியாவது சமாளித்துக்கொள்ளும். சொல்லிவிடலாம் என்றுதான் மங்கை வாயைத் திறந்தாள்.

"நான் வெச்சுக்கத்தான் சொல்லுவேன்," என்றாள். "ஆனா அது எனக்காகச் சொல்றது கண்ணு. உனக்காகச் சொல்லல."

கோகிலா புரிந்தும் புரியாமலும் தலையாட்டினாள். குழந்தை பிஸ்கட் தூளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அண்ணன் அதுக்குள்ள இருக்குதாம்மா?" என்று கேட்டது.

"இல்ல சாமி." கோகிலா அதன் தலையைத் தடவினாள். "இவ தன்விகா. அவன் போனதுக்கு அப்பறம் பொறந்தவ. மூணு வயசுல இவளுக்கும் முதுகுல கட்டி வந்துச்சுங்க்கா. அதே நோவு. என்ற உசிரே போயிருச்சு. டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, புதுசா ஒரு மாத்திரை வந்துருக்குது, குடுத்துப் பாக்கலாம்னாங்க. அஞ்சு வருசமாச் சாப்பிடறா. கட்டி கரைஞ்சே போச்சுங்க. அந்த மாத்திரை இதுல இருந்து வந்ததுன்னு இந்தக் கடுதாசியைப் பாத்துத்தான் எனக்குத் தெரியும்." கண்ணாடிக்குள் மறுபடி பார்த்தாள். "அவனைத் தின்ன நோவுங்க்கா அது. தங்கச்சியைக் காப்பாத்தீட்டான், அவன் வேலை முடிஞ்சுது. இனியும் எதுக்கு அந்த நோவை ஒரு பாட்டில்ல அடைச்சு வளத்தறது? போகட்டும்."

அங்கேயே சுவரில் வைத்து, 'நிறுத்தலாம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவையும் காகிதம் நழுவியது. மங்கை பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா அதை என்ன பண்ணுவீங்களோ, அதை நீங்களே பண்ணிருங்க்கா. வேத்தாள் கை வேண்டாம்."

"சரி கண்ணு."

கேட் வரை வந்த பிறகு கோகிலா திரும்பினாள். "செழியனோடது எங்கீங்க்கா இருக்குது? அவனுக்கும் அன்னைக்கே எடுத்தாங்களே. உங்களுக்கு ஏன் கடுதாசி வரல?"

"தெரியல கண்ணு," என்றாள் மங்கை.

ஹில்டா மேடம் தன் அறையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். மங்கை கையெழுத்தான காகிதத்தை மேசையில் வைத்தாள். போகாமல் நின்றாள்.

"என்ன மங்கை? உக்காருங்க. முகமே சரியில்லையே. ஒம்பது வருஷச் சங்காத்தம், கஷ்டமாத்தான் இருக்கும்."

"மேடம், அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. அன்னைக்கு அவங்க பையனுக்கு எடுத்தப்பவே பக்கத்துக் கட்டில் பையனுக்கும் மாதிரி எடுத்தாங்களாம். அது என்ன ஆச்சுன்னு."

"அக்டோபர் மாதிரியா?" ஹில்டா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு யோசித்தார். "ஆமா, ரெண்டு வந்தது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான்தான் வாங்கினேன். ரெண்டும் ஏழு வயசுப் பையன். கட்டி ஒரே மாதிரி, நுண்ணோக்கியில வெச்சாக்கூட வித்தியாசம் தெரியாது. ஆனா ஒருத்தனுக்கு இந்த ஏற்பியில கோளாறு, இன்னொருத்தனுக்கு ஏற்பி சுத்தம். துளி மாத்தம் இல்ல. அதைவிட நல்ல ஒப்பீடு எங்க கிடைக்கும்? அதே வயசு, அதே நோய், இந்த ஒரு இடம் மட்டும் சரியா இருக்கு. அவனோடதைத்தான் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கிட்டோம்."

மங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எது மேடம்?"

"எதுன்னா? நம்ம சாதாதான்."

வெளியே யாரோ டிராலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை மங்கை காத்திருந்தாள்.

"அப்ப அந்தப் பையனுக்கு எதனால வந்துச்சு?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வேற எங்கயோ கோளாறு, நாங்க தேடாத இடத்துல. இந்த மாத்திரை அவனுக்குக் கேட்டிருக்காது, பாவம். அவனை மாதிரி வர்ற பிள்ளைங்களுக்கு இப்பவும் நம்மகிட்ட ஒண்ணும் கிடையாது." ஹில்டா டப்பாவை மூடினார். "அவங்க வீட்டுக்கு நோட்டீஸும் போகாது. நிறுத்தினாத்தானே கேக்கணும்? சாதாவை எப்படி நிறுத்துறது? அது இல்லன்னா இங்க ஒரு சோதனை ஓடாது. நம்மகிட்டருந்து எத்தனை ஆய்வகத்துக்குப் போகுது தெரியும்ல. நாம ரிட்டையர் ஆனாலும் அது இருக்கும்."

மங்கை அலமாரிக்குப் போனாள். பச்சைப் பதிவேட்டை எடுத்தாள். அதிகம் புரட்ட வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆண். வயது 7. அக்டோபர் 11. ஏற்பியில் மாற்றம் இல்லை. சிவப்புப் பதிவேட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒன்பது வருஷம் அந்த ஒரு சாணை அவள் கை தாண்டவில்லை.

வளர்ப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கையைக் கழுவினாள், கையுறை போட்டாள், கிருமி போக எரிசாராயம் தெளித்தாள். இன்குபேட்டரைத் திறந்தாள். மேல்தட்டில் ஏ-19-இன் நான்கு குடுவைகளும் இளஞ்சிவப்பாக, வயிறு நிறைந்து இருந்தன. குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தாள். பின்னால் தள்ளி, ஒரு மூலையில் இருந்தது சாதா. மஞ்சளாக இருந்தது. திங்கட்கிழமை போட வேண்டிய தீனி. கடிதத்துக்காகச் சிங்காநல்லூருக்கு அலைந்ததில் அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

எத்தனை திங்கட்கிழமைகள். எத்தனை தீபாவளிகள். செழியனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் புது மீடியம் பாட்டிலை உடைத்து ஏ-19-க்கு ஊற்றியிருக்கிறாள். மிச்சம்மீதியை இதற்குப் போட்டிருக்கிறாள். முரட்டு ஜென்மம், தாங்கும் என்று சொல்லியிருக்கிறாள். அப்படியே உட்கார்ந்து, இன்குபேட்டர் கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு, முகமூடி நனைய நனைய அழுதாள். கதவு ரொம்ப நேரம் திறந்திருக்கிறது என்று இன்குபேட்டர் கத்தத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

குடுவையை இரண்டு கையாலும் எடுத்து மேடையில் வைத்தாள். மஞ்சளை உறிஞ்சி எடுத்தாள். புது மீடியத்தைச் சூடு பார்த்து, சுவரோரமாக, செல்கள் மேல் நேராக விழாமல் ஊற்றினாள். முகமூடிக்குள் அந்தப் பெயரைச் சொல்லப் பார்த்தாள். ஒன்பது வருஷம் இன்னொரு குடுவையிடம் சொல்லிப் பழகிய பெயர். வாய் வரை வந்து நின்றுவிட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, வாக்குக் கொடுத்தபடி, ஏ-19-இன் குடுவைகளில் ப்ளீச் ஊற்றியதும் அவள்தான். நிறம் வெளுத்து, செல்கள் கரையும்வரை பக்கத்தில் நின்றாள். "போயிட்டு வா தர்னிஷ்" என்று சொன்னாள். அந்தப் பெயர் தடையில்லாமல் வந்தது.

அன்று மாலை துரைசாமி பட்டறையில் இருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

"கடுதாசி வந்துச்சா?"

"இல்லீங்க. இனி வராது."

"அப்ப நிறுத்தியாச்சா?"

"ஏ-19-ஐ நிறுத்தியாச்சுங்க."

அவர் பெருமூச்சு விட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் தோளில் கை வைத்தார். மங்கை எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அவனைக் கொன்றது அது இல்லையாம், கொன்றது என்னவென்று யாருக்கும் தெரியாதாம், அவனிடம் நன்றாக இருந்த ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்களாம் என்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை.

"நாளைக்குச் சனிக்கிழமை," என்றார் துரைசாமி. "வேலைதான் இல்லையே. ஊட்டுல இரு. ரெண்டு நாள் தூங்கு."

"இல்லீங்க, போகணும்," என்றாள் மங்கை. "காலைல நேரமாப் போகணும். இன்னொருத்தனுக்குப் பசிக்கும்."